ரயிலடிப் பகை

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் இறங்கிவிட்டது. குத்தாலத்தில் தண்ணீர் விழுகிறது என்ற சேதி மெட்ராஸ் வரைக்கும் போய், காலையில் வருகிற ரயிலில் ஜனம் பிதுங்கிக்கொண்டு வந்தது. தென்காசி ரயிலடியில் இறங்கினால் அருவிக்கரைக்கு இன்னும் போக வேண்டும். பஸ் எப்போது வரும் என்று பஸ்காரனுக்கே தெரியாது. பெட்டி, படுக்கை, எண்ணெய்த் தூக்கு, பிள்ளைகுட்டி என்று வந்து இறங்குகிறவர்களுக்கு ஜட்காதான் கதி. ஸ்டேஷன் எதிரில் புளியமரத்தடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முதல் வண்டி பீர் மைதீனுடையது. அந்த முதல் இடத்துக்காக அவர் வாலிபத்தில் இரண்டு பேர் மண்டையை உடைத்தவர். அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது கிடையாது.

அந்த வருஷம் புளியமரத்துக்கு எதிரே, ஸ்டேஷன் படியை ஒட்டி ஒரு கறுப்பு பிளசர் கார் வந்து நின்றது. குத்தாலத்தில் புதுசாகப் பங்களா கட்டி அறை அறையாக வாடகைக்கு விடுகிற பால்வண்ணநாதன் முதலாளியின் கார். அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிப் போட்டவர்களை ஏற்றிக்கொண்டு போகத்தான் அது வந்தது. இரண்டொரு நாளில் எழுதிப் போடாதவர்களையும் ஏற்ற ஆரம்பித்தது. ஓட்டியவன் சேக் தாவூது. பீர் மைதீனின் மகள் ஷரீபுன்னிசாவைக் கட்டியவன்.

முதலில் ஏச்சாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில், மதுரைக்காரர்கள் ஏறி உட்கார்ந்து கார் புறப்படப் போகிற நேரம், பீர் மைதீன் வரிசையிலிருந்து இறங்கி நேரே நடந்து வந்து, முன்கண்ணாடியில் வெற்றிலை எச்சிலைக் காறித் துப்பினார். திரும்பி நடந்து போய்த் தன் வண்டியில் ஏறிக்கொண்டார். ஜட்காக்காரர்கள் அத்தனை பேரும் விசில் அடித்தார்கள்.

ஷரீபுன்னிசா புட்டுக்கு மாவு விரவிக்கொண்டிருந்தாள். சேக் தாவூது வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில், இடுப்பிலிருந்த பிள்ளை பயந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஒங்க வாப்பா என்ன செஞ்சாரு தெரியுமா?"

"என்ன செஞ்சாவ?"

"பொம்பளையாளு, பிள்ளைய எல்லாம் உள்ள உக்காந்திருக்கு. கண்ணாடியில காறித் துப்பிட்டுப் போறாரு. நான் தொடச்சேன். அத்தன பேரு முன்னாடி, என் கையால தொடச்சேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"மாமனாச்சேன்னு பாத்தேன். வேற எவனா இருந்தாலும் வாயில பல்லு இருந்திருக்காது."

"வேற எவனும் கார ஓட்டியிருந்தா வாப்பாவும் துப்பியிருக்க மாட்டாவ. கல்லத்தான் எடுத்திருப்பாவ."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "நீ யாரு பக்கம்ட்டி பேசுத?"

"புட்டு வெந்திரும். சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

அவன் சாப்பிடவில்லை. துடைத்தபோது வெள்ளைச் சட்டையில் எச்சில் பட்டிருந்த இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தான். கறை போகவில்லை. அந்தச் சட்டையும் தொப்பியும் முதலாளி தைத்துக் கொடுத்தவை. அதற்கு முன்னால் புளியங்குடியிலிருந்து எலுமிச்சங்காய் ஏற்றிப் போகிற லாரியில் கிளீனராகக் கிடந்து, மூட்டை மேலேயே படுத்து உறங்கி, டிரைவரிடம் அடி வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டவன். அவன் உடம்பில் எலுமிச்சங்காய் வாடை போனதே இந்த வருஷம்தான்.

மத்தியானம் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே தெருவில் மேற்கே இருந்த வாப்பா வீட்டுக்குப் போனாள். பீர் மைதீன் கொட்டிலில் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செவலைக் குதிரை. வாளியில் அதன் தீனிக்குக் காணம் ஊறிக்கொண்டிருந்தது. வாசல்படியில் குத்தாலிங்கம் உட்கார்ந்து பீடி இழுத்தான். வரிசையில் இரண்டாவது வண்டி அவனுடையது.

"வாப்பா, அவுங்க மேல துப்பலாமா?"

"நான் கார் மேலதான் துப்புனேன்."

"அத ஓட்டுதது யாரு?"

பீர் மைதீன் தேய்ப்பதை நிறுத்தினார். "எழுதிப் போட்டவன மட்டும் ஏத்திக்கிட்டுப் போனா நான் ஒரு வார்த்த கேப்பனா? நேத்து ஒரு ஆளு என் வண்டியில பெட்டிய வச்சிட்டாரு. வச்ச பொறவு வாரான் ஒன் புருஷன். 'சார், அதுல ஏறுனா குதிர நாத்தம் அருவியில குளிச்சாலும் போவாது, இங்கன வாங்க'ங்குதான். என் கையில இருந்து பெட்டியப் புடுங்குதான். எவன்? நான் பொண்ணு குடுத்தவன்!"

"அண்ணாச்சி மருமவன்னுதான் நாங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கோம் தாயி" என்றான் குத்தாலிங்கம். "இல்லன்னா அந்தக் காரு மேலகரம் தாண்டியிருக்காது."

"என்ன செய்வியோ? கொல்லுவியளா?"

உம்மா ஹைருன் பீவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒன் புருஷன்ட்டப் போய்ச் சொல்லு. பெட்டிய வச்ச பொறவு புடுங்குதது மனுசன் செய்யுத வேலையான்னு கேளு. இங்கன வந்து சாடாத."

அவள் கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே கேட்டாள். "ஆமா, புடுங்குனேன்" என்றான் சேக் தாவூது. "கார் காலியாத் திரும்புனா, ரெண்டாந்தரம் சாவியத் தர மாட்டேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நான் திரும்பவும் மூட்டை மேல போய்ப் படுக்கணுமா?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தது. அதனாலேயே இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது.

ஆனி முடிகிற சமயம், குத்தாலம் போகிற வழியிலுள்ள மேலகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் பிள்ளைக்குப் பேர் விடுகிற விசேஷம். பீர் மைதீன் மனைவியையும் மகளையும் பேத்தியையும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். உம்மா உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். ஷரீபுன்னிசா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டு, வந்த பாதையைப் பார்த்தபடி இருந்தாள். வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்தன. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் கார் வருவது அவளுக்கு முதலில் தெரிந்தது. "வாப்பா, கார் வருது, ஒதுங்குங்க" என்றாள்.

"அவனுக்கு எடம் கெடக்கு. போகச் சொல்லு."

உண்மையில் இடம் கிடந்தது. ஆனால் கார் தாண்டிப் போகவில்லை. வண்டியை ஒட்டி வந்து ஹாரனை அழுத்தியது. காருக்குள் இருந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். சேக் தாவூதும் சிரித்தான். அப்போதுதான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது யார் என்று பார்த்தான். சிரிப்பு நின்றது. ஆனால் கை ஹாரனை விட்டு எழும்பவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தியது. செவலை மிரண்டு, ஒரு எகிறு எகிறி, ஓடைப் பாலத்துக்குப் பக்கவாட்டில் பாய்ந்தது.

வண்டி ஓடைக்குள் சரிந்ததில் பிள்ளைக்குச் சிராய்ப்போடு போயிற்று. உம்மாவுக்கு மணிக்கட்டு பிசகியது. குதிரைக்கு முன்னங்கால் எலும்பு வெளியே வந்துவிட்டது. கார் நிற்கவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஊசி போட்டார். பீர் மைதீன் ஓடைத் தண்ணீரில் உட்கார்ந்து, குதிரையின் தலை மண்ணில் விழாமல் தன் தொடையில் தாங்கிக்கொண்டிருந்தார். அது அடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. நாற்று நட்ட பொம்பளைகள்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் ஜட்காக்காரர்கள் எல்லோரும் பீர் மைதீன் வீட்டு வாசலில் கூடினார்கள். சேக் தாவூதையும் வரச் சொன்னார்கள். வந்தான். பங்களாத் தோட்டக்காரர்கள் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"நான் வழி கேட்டுத்தான் ஹாரன் அடிச்சேன்" என்றான். "மெரளுத குதிரய ரோட்டுக்குக் கொண்டுவந்தது அவரு தப்பு."

"என் பொண்ணு பாத்திருக்கா" என்றார் பீர் மைதீன். "அவ பின்னாலதான் இருந்தா. ஏ புள்ள, சொல்லு. வேணும்னு அடிச்சானா, வழி கேட்டு அடிச்சானா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு கதவோரம் நின்றாள். குத்தாலிங்கத்தின் கையில் வண்டிச் சக்கரத்துக் கம்பி ஒன்று இருந்தது. இன்னும் பலர் கையிலும் என்னென்னவோ இருந்தன. வேணும்னு அடிச்சாவ என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே அவனைக் கிழித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தேன். கவனிக்கல" என்றாள்.

பீர் மைதீன் மகளைப் பார்க்காமல் திரும்பினார். வீட்டுக்குள் போனார். உம்மா, கட்டுப் போட்ட கையோடு வந்து அவள் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தினாள்.

அன்றைக்குச் சேக் தாவூது வீட்டுக்கு அல்வாவும் மங்குஸ்தான் பழமும் வாங்கி வந்தான். "நீதான்ட்டி பொண்டாட்டி" என்று அவள் தோளைத் தட்டினான். அவள் பழத்தை உரித்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். தான் தொடவில்லை.

"நீங்க என்னையப் பாத்திய" என்றாள்.

"எப்ப?"

"பாத்திய. பிள்ளையயும் பாத்திய. பொறவும் அடிச்சிய."

"கவனிக்கலன்னு நீயே சொன்னியே!" என்று அவன் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசுவதை விட்டுவிட்டாள். சோறு வைப்பாள், எடுப்பாள். அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் பிள்ளையிடம் சொல்வதுபோல ஒருத்தருக்கொருத்தர் ஏசிக்கொண்டார்கள். "ஒங்க உம்மாட்டச் சொல்லு, கொழம்புல உப்பு இல்லன்னு." "ஒங்க வாப்பாட்டச் சொல்லு, முதலாளி வீட்டுல போய்ச் சாப்பிடச் சொல்லி." பிள்ளைக்குப் பேச்சே அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அது இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

ஆடியில் அருவி கொட்டு கொட்டென்று கொட்டியது. கார் ஒரு நாளைக்கு எத்தனை தரம் போய்வந்தது என்று கணக்கில்லை. பீர் மைதீன் வண்டி கொட்டிலில் குடை சாய்ந்து கிடந்தது. அவர் குத்தாலிங்கத்தின் வண்டிக்குப் பெட்டி ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். கார் தாண்டும்போதெல்லாம் சேக் தாவூது அவருக்கு மட்டும் ஒரு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போவான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் விடியக்காலம் ஷரீபுன்னிசா தெருக்குழாய்க்குப் போகும்போது வாப்பாவின் கொட்டில் திறந்திருந்தது. அவர் லாட ஆணி போட்டு வைக்கிற டப்பாவை, கட்டியிருந்த சாரத்தின் மடியில் கவிழ்த்து, மடியைச் சுருட்டிச் செருகிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். பார்க்காததுபோல் தாண்டி மேற்கே போனார். குதிரை இல்லாத ஆளுக்கு ஆணி எதற்கு, லாடம் கட்டுகிறவனிடம் விலைக்குப் போடப் போகிறார்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். குடத்தோடு திரும்பி வரும்போது சேக் தாவூது பல் விளக்கிக்கொண்டிருந்தான். சொல்லலாமா என்று தோன்றியது. இவனிடம் வாயைத் திறப்பதா என்றும் தோன்றியது. குடத்தை இறக்கி வைத்தாள்.

ரயில் வந்து போன கொஞ்ச நேரத்தில் தெருவில் ஆட்கள் ஓடினார்கள். மேலகரம் தாண்டி வளைவில், ரோட்டில் கிடந்த ஆணி ஏறி முன்சக்கரம் வெடித்து, கார் மருதமரத்தில் மோதிவிட்டது. சேக் தாவூதுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. பின்னால் இருந்த வேறொரு மதுரைக்காரர் குடும்பத்தில் மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணுக்குக் கண்ணாடி உடைந்து முகத்தில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்கு அடுத்த கட்டில்தான் காலியாக இருந்தது. ஷரீபுன்னிசாவை அதில் உட்கார்ந்து காத்திருக்கச் சொன்னார்கள். ஆம்பளைகள் வார்டுக்குள் டாக்டர் இருந்தார். அந்தப் பெண்ணின் பெயர் அகிலாண்டேஸ்வரி. முகம் பாதி கட்டுக்குள் இருந்தது. ஒரு கண் போய்விட்டது என்று நர்ஸ் வராந்தாவிலேயே சொல்லியிருந்தாள்.

"யாரு அங்க?" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

"டிரைவர் வீட்டுல."

"ஐயோ, அவருக்கு எப்படி இருக்கு? எங்க வீட்டுக்காரர் அவரைப் போட்டுத் திட்டினார். அவர் என்ன செய்வார் பாவம். ரோட்டுல யாரோ ஆணியைக் கொட்டி வச்சிருந்தாங்களாம்." சற்று நேரம் மூச்சு வாங்கினாள். "நாங்க யாருக்கு என்ன செஞ்சோம்? அருவியில குளிக்க வந்தோம். எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியவே தெரியாதே."

ஷரீபுன்னிசா அந்தக் கட்டிலை விட்டு எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். போகும் முன்னே குத்தாலிங்கம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "நீ பாத்தத அண்ணாச்சி சொன்னாவ. கொழாயில தண்ணி புடிக்கப் போனேன், ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிரு தாயி. சொல்லலன்னா இந்தத் தெருவுல ஒனக்குத் தண்ணி கெடையாது."

உள்ளே கட்டுப் போட்ட தோளோடு சேக் தாவூது காத்திருந்தான். "அந்தக் கெழவன உள்ள தள்ளுதோம். நீ பாத்திருக்க. ஒன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. சொல்லலன்னா இந்த வீட்டுல எடம் கெடையாது."

அவள் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஸ்டேஷனில் பால்வண்ணநாதன் முதலாளி நாற்காலியில் இருந்தார். சேக் தாவூது வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பீர் மைதீன் சுவரோரம் குத்தவைத்திருந்தார். வெளியே ஜட்காக்காரர்கள் நின்றார்கள். சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "ஏம்மா, உங்க அப்பா ஆணி எடுத்ததைப் பார்த்தியா?"

"பாத்தேன்" என்றாள்.

பீர் மைதீன் தலையைத் தூக்கினார்.

"விடியக்காலம் கொட்டில்ல நின்னு லாட ஆணிய மடியில கட்டிக்கிட்டு மேக்க போனாவ. என்னையப் பாத்தாவ. நானும் பாத்தேன்."

வெளியே கூச்சல் கிளம்பியது. சேக் தாவூது முதலாளியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "நான் சொன்னம்லா" என்றான்.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் ஷரீபுன்னிசா. "ஆனி மாசம் மேலகரம் ஓடையில வண்டி சாஞ்சுதுல்ல, அதையும் எழுதுங்க. இவுங்க வழி கேட்டு ஹாரன் அடிக்கல. எடம் இருந்துச்சு. வேணும்னு குதிரைய வெரட்டுனாவ. பின்னால நான் இருக்கேன், பெத்த பிள்ள இருக்குன்னு பாத்த பொறவும் கைய எடுக்கல. அன்னைக்கு நான் பாக்கலன்னு சொன்னேன். அது பொய்."

"ஏட்டி!" என்று கத்திக்கொண்டு சேக் தாவூது எழுந்தான். எழுந்த வேகத்தில் தோளில் வலி வெட்டி, அப்படியே பெஞ்சில் விழுந்தான்.

"உட்காருய்யா" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "ஏட்டையா, ரெண்டையும் எழுதும்."

முதலாளி மெதுவாக எழுந்தார். "குதிரை தானா மிரண்டுச்சுன்னுதானே என்கிட்டச் சொன்னே?" என்று சேக் தாவூதைக் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. கார் ரிப்பேரில் கிடக்கும்போதே, மறுநாளே திருநெல்வேலியிலிருந்து வேறு டிரைவர் வந்துவிட்டான்.

பீர் மைதீனைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். சேக் தாவூதுக்கு லைசென்ஸ் போயிற்று. "வீட்டுக்குள்ள கால் வச்ச, வெட்டிப் போடுவேன்" என்றான். அவள் உள்ளே போய் உலை வைத்தாள். "எங்க போவச் சொல்லுதிய?" என்றாள் அடுப்பைப் பார்த்தபடி. "வாப்பா வீட்டுக் கதவு சாத்தியாச்சு. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. வெட்டுததுன்னா இங்கனயே வெட்டுங்க. பிள்ளைய மட்டும் வெளிய வச்சிட்டு வந்திருதேன்." அவன் கதவுநிலையை விட்டு விலகிப் போனான். தோள் சரியாவதற்கு முன்பே புளியங்குடிக்குப் போய்விட்டான். லாரியில் மூட்டை ஏற்றக்கூட முடியவில்லை, கமிஷன் கடையில் காய் பொறுக்குகிறான் என்று கேள்வி. ஆள் வந்தது இல்லை.

குத்தாலிங்கம் சொன்னதைச் செய்தான். குழாயடிக்கு அவள் போனால் பொம்பளைகள் குடத்தை வரிசையாக இடைவெளி இல்லாமல் வைத்துவிடுவார்கள். உம்மாவும் அந்த வரிசையில் நின்றாள். ஷரீபுன்னிசா சிற்றாற்றுக்குப் போய்த் தண்ணீர் தூக்கினாள். தறிக்காரர் ஒருவர் நூல் சுற்றக் கொடுத்தார். அதுவும் அவர் மனைவிக்குத் தெரியாமல் கொடுத்தார். ராட்டை சுற்றிச் சுற்றி விரல் நுனி மரத்துப் போயிற்று. பிள்ளை பேசப் பழகியது. தெருப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த ஏச்சைத்தான் முதலில் பேசியது.

அடுத்த சாரலுக்கு முன்னால் பீர் மைதீன் விடுதலையாகி வந்தார். ஜட்காக்காரர்கள் ரயிலடியில் மாலை போட்டு, குத்தாலிங்கம் வண்டியில் ஏற்றி, தெருவழியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே எழுந்து போகவில்லை. வண்டி அவள் வீட்டுக்கு நேரே வந்ததும், "நிறுத்துலே" என்றார் பீர் மைதீன்.

குத்தாலிங்கம் நிறுத்தினான். அவர் இறங்கி வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏ புள்ள, அந்த மதுரைப் பொண்ணுக்குக் கண்ணு போனது எனக்கு கோர்ட்டுலதான் தெரியும்" என்றார். "அவ வந்து நின்னா. நான் பாத்தேன். நீ சொன்னது நெசந்தான். நான் அத எங்கயும் பொய்னு சொல்லல."

அவள் ராட்டையைச் சட்டென்று நிறுத்தினாள்; நூல் அறுந்தது.

"ஆனா ஒன்னய நான் மன்னிக்க மாட்டேன். என் செவலைக்காக அன்னைக்கே அந்த வார்த்தயச் சொல்லியிருந்தா நான் ஆணிய எடுத்திருக்க மாட்டேன்."

தெருவில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நானும் ஒங்கள மன்னிக்கல வாப்பா" என்றாள் ஷரீபுன்னிசா. "அன்னைக்குச் சொல்லியிருந்தா அவுங்களக் கொன்னுருப்பிய. கஞ்சி இருக்கு. குடிக்கதுன்னா உள்ள வாங்க."

பீர் மைதீன் உள்ளே போகவில்லை. உடனே திரும்பவும் இல்லை. வெயில் முதுகில் அடிக்க அப்படியே நின்றார். பிறகு வண்டியில் ஏறாமல், தன் வீட்டைப் பார்த்துத் தனியாக நடந்து போனார். குத்தாலிங்கம் குதிரையைத் தட்டி ஓட்டினான். கூட்டம் கலைந்தது. ஷரீபுன்னிசா அறுந்த நூலை முடிச்சுப் போட்டு, மீண்டும் சுற்ற ஆரம்பித்தாள்.